போத்தலில் வந்த ஒளி

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு மனிதன் கிழவனாகிவிட்டானா இல்லையா என்பதைப் பிறப்புச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை. பின்சுவரோரம் அடுக்கி வைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் தீர்மானிக்கின்றன. முழங்கால் மடங்காதவர்கள் அதில் இருந்து தொழலாம். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு, யாரும் குறை சொல்வதில்லை. குறை சொன்னதெல்லாம் நான்தான், அதுவும் என் மனதுக்குள். சுஜூதில் எல்லோரும் நெற்றியை நிலத்தில் வைத்திருக்கும்போது நாற்காலிக்காரன் மட்டும் ஊராரின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நாற்காலி வரிசையில் எனக்கு இடப்பக்கம் இருந்தவர் என் வாப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். நான் ஓய்வு பெற்ற சூடு ஆறாதவன். தலையில் பாதி மயிர் இன்னும் கறுப்பு.

அந்த நாற்காலியிலிருந்து என்னை இறக்கிவிட்ட ஒரு குளிசையை, ஒரு மாத்திரையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதே குளிசை என் மனைவியை மையவாடிக் குழிக்கு அனுப்பப் பார்த்தது. அவள் அதை எனக்குத் தெரியாமல் என் போத்தலிலிருந்தே எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரே அறையில் ஒரே கட்டிலில் படுத்த நான் அதைக் கவனிக்கவில்லை. இதில் பார்த்துச் சிரிப்பதற்கு ஓர் ஆள் உண்டென்றால் அது நான்தான். அவளைப் பார்த்துச் சிரிக்க எதுவுமில்லை.

சம்பளம் வாங்கிய காலமெல்லாம் நான் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் என்னிடம் குட்டு வாங்காத தலைகள் குறைவு. பெயர் ஒட்டாத போத்தலைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்காதே என்று ஆய்வுகூடத்தில் பிள்ளைகளின் காதைத் திருகிச் சொல்லியிருக்கிறேன்.

முழங்கால் வலி வந்ததும் நான் அதை இரகசியமாக வைத்திருக்கவில்லை. மீன்காரரிடம் சொன்னேன். முடிவெட்டுபவரிடம் சொன்னேன். வங்கியில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொன்னேன். இடது முழங்காலில் வலி எந்த இடத்தில் தொடங்கி எந்த வழியாக இறங்குகிறது என்பதைத் துணியை உயர்த்திக் காட்டுவேன். "சேர், இண்டைக்கு முழங்கால் எப்படி?" என்று கேட்டுவிட்டு ஓட வழியில்லாமல் நின்ற மனிதர்களை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் பின்வளவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் இருந்தோம். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் மனைவி தரையில் இருந்து என் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். முடிந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்புவாள். அவள் எழும்பும் விதமே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

இருவரும் மக்காவுக்கு உம்றாப் பயணம் போனோம். கஃபாவை நான் கூலிக்கு அமர்த்திய சக்கர நாற்காலியில் சுற்றி வந்தேன். அவள் நடந்தாள். ஹோட்டலில் எங்கள் குழுவைக் கூட்டிப்போனவர் என் முனகலைத் தாங்க முடியாமல் ஒரு பச்சைப் போத்தலைக் கையில் தந்தார். "இதக் குடிச்சிப் பாருங்க சேர். கருஞ்சீரகக் குளிசை. மூட்டுவலிக்கு இங்க எல்லாரும் இதத்தான் எடுக்காங்க" என்றார். போத்தலில் கருஞ்சீரகத்தின் படம் இருந்தது. கருஞ்சீரகத்தின் சிறப்பை எங்கள் ஊரில் சின்னப்பிள்ளையும் அறியும். படத்தைச் சுற்றிலும் அறபு எழுத்துகள்.

இங்கேதான் என் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் பாலர் வகுப்புக்குப் போக முன்பே குர்ஆன் ஓதப் போகிறோம். அறபு எழுத்தைக் கூட்டி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, மூக்கால் ஒலிக்க வேண்டிய இடத்தில் மூக்கால் ஒலித்து, பிசகில்லாமல் ஓதுவோம். பொருள்தான் தெரியாது. எனக்குக் குரலும் கொஞ்சம் நல்ல குரல். ஹோட்டல் கூடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் போத்தலின் வாசகத்தை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இராகத்தோடு ஓதினேன். பக்கத்தில் இருந்த அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். ஓதி முடிந்ததும், "சுப்ஹானல்லாஹ்" என்றார். நானும் அப்படியே உணர்ந்தேன். பிறகு பிஸ்மி சொல்லி, ஸம்ஸம் தண்ணீரில் ஒரு குளிசையை விழுங்கினேன்.

இரண்டு நாளில் வலி ஓடிவிட்டது. குறைந்தது என்று சொன்னால் அந்தக் குளிசைக்குச் செய்யும் அநியாயம். மக்காவின் ஹரம் பள்ளியில் குளிர்ந்த தரையில் நெற்றியை வைத்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு வைத்தேன். எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்து அழுதேன். அந்த அழுகையை நான் இன்றைக்கும் கேலி செய்ய மாட்டேன். அது மெய்யான அழுகை. அதை வரவைத்த குளிசைதான் பொய்.

உம்றா முடித்து வந்தவர்களைப் பார்க்க ஊர் திரண்டு வரும். வருகிறவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் ஸம்ஸம் தண்ணீர், கையில் பேரீச்சம்பழம், துஆ. இதுதான் வழக்கம். நான் இதோடு ஒரு செய்முறைப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். பாயை விரித்து, நின்று, குனிந்து, சுஜூது செய்து, கையூன்றாமல் எழும்பிக் காட்டுவேன். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு போத்தலை ஓதிக் காட்டுவேன். நான் மக்காவில் வாங்கிக் கொண்டுவந்த போத்தல்கள் முடிவதற்குள், பிரதான வீதியில் அத்தரும் தொழுகைப் பாயும் அபாயாத் துணியும் விற்கும் ஒரு கடைக்காரர் அதே போத்தலை இறக்கிவிட்டார். அவர் சவூதியில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு வந்தவர். என்னை அவர் கடைக்குள் வரவேற்ற விதத்தைப் பார்த்தால் நான்தான் முதலாளி என்று யாரும் நினைப்பார்கள். வாங்க வந்தவர்கள் தயங்கினால், "சேரப் பாருங்க" என்பார். நான் நிமிர்ந்து நிற்பேன்.

பார்ப்பதற்கும் ஏதோ இருந்தது. என் முகம் மாறத் தொடங்கியிருந்தது. ஒட்டிய கன்னம் நிரம்பியது. தாடை எலும்பு மறைந்தது. முகம் வட்டமாக, பளபளப்பாக, இலேசாகச் சிவந்தும் போயிற்று. ஊரில் முதலில் அதைச் சொன்னவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின். "மாஷா அல்லாஹ், சேர், உம்றாக்குப் போயிட்டு வந்ததுல இருந்து முகத்துல ஒரு நூர் இரிக்கி" என்றார். நூர் என்றால் ஒளி. வணக்கசாலிகளின் முகத்தில் இறைவன் இடும் ஒளி. நான் "சே, அப்படி ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். இருந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது.

அதன்பிறகு ஊர் முழுக்க அதைச் சொன்னது. நான் நடுச்சாமத்தில் தஹஜ்ஜுத் தொழுவதும் அந்த நாட்களில்தான் கூடியிருந்தது. தூக்கம் வராததால் தொழுதேன். தூக்கத்தைக் கெடுத்ததும் குளிசைதான் என்பது பின்னால் தெரிந்தது. பள்ளிவாசல் நிருவாகத்தார் கேட்டுக்கொண்டதற்கிணங்க பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருநாள் சின்னப் பயான் ஒன்றும் செய்தேன். வணக்கம் எப்படி முகத்தில் வெளிப்படுகிறது என்பது தலைப்பு. உதாரணமாக யாரையும் குறிப்பிடவில்லை. முகத்தை மட்டும் விளக்கு வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

என் மனைவியின் முகமும் பூரித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளிடம், "ராத்தா, உங்களுக்கும் மக்கத்து வெளிச்சம் வந்திட்டு" என்று சொன்னதை அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. என்னோடு சேர்ந்து போனதால் அவளுக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எங்களிருவர் முகத்தையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கட்டாரில் இருக்கும் மகனுக்கு அனுப்பினேன். அவன் ஓர் இதயத்தைத் திருப்பி அனுப்பினான்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. அகப்பையோடு சோற்றைத் தின்னும் அளவுக்குப் பசித்தது. கையில் இலேசாக எங்காவது பட்டாலும் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போனது. பின்கழுத்தில் ஒரு திரட்டு வளர்ந்தது. அதற்கெல்லாம் நான் தனித்தனியாக விளக்கம் வைத்திருந்தேன். போத்தல் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கும் வைத்திருந்தேன். கொம்பனி ஏமாற்றுகிறது என்பது அந்த விளக்கம். கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் பிடித்தேன். அவர் அல்லாஹ் மீது சத்தியம் செய்து, முத்திரை உடையாத போத்தல் என்றார். பாவம், வாழ்க்கையில் அவர் உண்மை சொன்ன ஒரு தருணத்தில் நான் அவரை நம்பவில்லை.

கடற்கரையில் நடக்கப்போன இடத்தில் ஒரு சிப்பி உடைசல் காலில் கீறியது. சின்னக் கீறல். அது ஆறவில்லை. மஞ்சள் பூசியும் ஆறவில்லை. வீங்கிச் சீழ் வைத்ததும் மகள் என்னை முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பக்கம் இருந்து வந்த ஓர் இளம் பெண் டொக்டர். அவர் என் காலைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எனக்கு அது பழக்கமானதால் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தேன்.

"எவ்வளவு காலமா ஐயா முகம் இப்பிடி வீங்கியிருக்கு?" என்றார்.

"வீங்கல்ல, டொக்டர். உம்றாக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இப்படித்தான்."

"அங்க ஏதும் மருந்து எடுத்தனீங்களோ?"

"மருந்து ஒண்டும் இல்ல. கருஞ்சீரகம்தான்."

அவர் என் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த கன்றல்களைப் பார்த்தார். சட்டையை உயர்த்தி வயிற்றைப் பார்த்தார். போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். இரத்தம் எடுத்து அனுப்பினார். மறுமுறை போனபோது என்னை இருத்தி வைத்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். குளிசைக்குள் கருஞ்சீரகம் இருக்கிறதோ இல்லையோ, ஸ்டீராய்ட் மருந்து நிறையக் கலந்திருக்க வேண்டும். வலி போனது அதனால்தான். முகம் பூரித்ததும், இரத்தத்தில் சீனி ஏறியதும், புண் ஆறாததும், தோல் மெலிந்ததும் அதனால்தான். எலும்பும் மெலிந்திருக்கலாம். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய சுரப்பை நிறுத்திவிட்டது.

"இதை இனித் தொடாதேங்கோ. ஆனா ஒரேயடியா நிப்பாட்டினா உயிருக்கு ஆபத்து. அதுக்குத்தான் நான் ஆஸ்பத்திரிக் குளிசை தாறன், கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் இதைக் குடிக்கினமெண்டா, திடீரெண்டு நிப்பாட்ட விடாதேங்கோ. இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ."

நான் தலையாட்டினேன். விளங்கியது. அட்ரீனல் சுரப்பியை வெண்கட்டியால் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் என்று சொல்லிக்கொடுப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போனேன். கோபத்தில் கால் புண்ணின் வலியே தெரியவில்லை.

"என்ன சாமான் வித்திரிக்கீங்க? இதுக்குள்ள என்ன கலந்திரிக்கி எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"கோவிக்காதீங்க சேர். நான் இத மருந்து எண்டு சொல்லி ஆருக்கும் விக்கல்லயே."

"மருந்து இல்லாம வேற என்ன?"

அவர் ஒரு போத்தலை எடுத்துத் திருப்பி, அறபு வாசகத்தில் விரலை வைத்தார். "இஞ்ச பாருங்க, தெளிவா எழுதியிரிக்கி. 'இது மருந்தல்ல. எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல.' நீங்கதானே சேர் இத எல்லாருக்கும் ஓதிக் காட்டின? இந்தக் கடைக்குள்ளயே நிண்டு ஓதினீங்க. எனக்கு அண்டைக்குக் கண் கலங்கிட்டு."

நான் அந்தப் போத்தலை வாங்கிப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான வாசகம்தான். இராகத்தை எங்கே இறக்கி எங்கே ஏற்ற வேண்டும் என்பதுகூட நினைவிருந்தது. இது மருந்தல்ல என்ற எச்சரிக்கையை நான் மக்காவிலும், விமானத்திலும், என் வீட்டு முன்னறையிலும் இனிய குரலில் ஓதிக்காட்டி, அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே மருந்தென்று விற்றிருக்கிறேன். பொருள் தெரிந்த கடைக்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தார். பொருள் தெரியாத நான் வாயைத் திறந்தேன். மருந்துப் பரிசோதகருக்குப் புகார் எழுதினேன். அவர் வருவதற்குள் அந்தக் கண்ணாடி அலுமாரியில் அத்தர் மட்டும் இருந்தது. அந்த மனிதனை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. என்னைப் போன்ற ஒரு மடையன் கிடைக்காமல் அவருக்கு அந்த வியாபாரம் ஓடியிருக்காது என்பதும் சேர்ந்தே எரிகிறது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மீதியிருந்த குளிசைகளை எல்லாம் மனைவியின் கண்முன்னால் கழிவறைக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். "இனி இந்தச் சனியன் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது" என்றேன்.

"எல்லாத்தையுமா கொட்டிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஓம், எல்லாத்தையும்தான்."

"அப்ப நோவு வந்தா?"

"எனக்கு ஆஸ்பத்திரிக் குளிசை இரிக்கி. நீ பயப்படாத" என்றேன்.

அவள் தேநீர் ஊற்றப் போனாள்.

டொக்டரின் மற்றப் பாதி எச்சரிக்கையை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். அதை ஊருக்கெல்லாம் சொன்னேன். அஸருக்குப் பிறகு மறுபடியும் பயானுக்கு நின்றேன். அட்ரீனல் சுரப்பி, தொப்பி, எல்லாவற்றையும் விளக்கினேன். "குளிசையத் திடீரெண்டு நிப்பாட்டாதீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. முகத்துல வந்தது நூர் இல்ல, வீக்கம்" என்று என் முகத்தையே காட்டிச் சொன்னேன். சிலருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஏழெட்டுப் பேர் போனார்கள். போனவர்கள் தப்பினார்கள். வரமாட்டேன் என்றவர்களின் வீடு தேடியும் போனேன். கல்முனைக்குடியில் ஒரு மீன் முதலாளியை அவர் வீட்டு வாசலில் வைத்து வாதாடி வண்டியில் ஏற்றினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. பள்ளிவாசலில் பெண்கள் இல்லை. அவர்களில் ஒருத்தி என் வீட்டில் இருந்தாள்.

அவளுக்குச் சோர்வு தொடங்கியது. சாப்பாட்டில் மனமில்லை என்றாள். எழும்பினால் தலை சுற்றுகிறது என்றாள். அவள் சுன்னத்து நோன்பும் பிடித்துக்கொண்டிருந்ததால் வெயிலும் நோன்பும் சேர்ந்து செய்கிற வேலை என்று முடிவு கட்டினேன். நோன்பு திறக்கச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தேன். கொத்தமல்லி அவிக்கச் சொன்னேன். அதை அவிப்பதற்கும் அவள்தான் எழும்பிப் போனாள். வாந்தி எடுத்தபோது மகள், "வாப்பா, உம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?" என்றாள். "என்னப் பார்த்துப் பார்த்துக் களைச்சிட்டா. ரெண்டு நாள் படுத்தாச் சரியாகிடும்" என்றேன்.

மறுநாள் காலை குசினியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பானை என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அவள் தரையில் கிடந்தாள். உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, திறந்தது தெரியாமலே மூடினாள். மகளும் நானும் தூக்கி முச்சக்கர வண்டியில் போட்டோம். வழியெல்லாம் அவள் தலை என் தோளில் ஆடிக்கொண்டு வந்தது. எனக்கு வாயில் கலிமாவைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நான் பேச்சில்லாமல் இருந்த பயணம் என் நினைவில் அது ஒன்றுதான்.

அவசரப் பிரிவில் இரத்த அழுத்தம் பார்த்த தாதி இன்னொரு தாதியைக் கூப்பிட்டாள். இருவரும் வேகமாக நடந்தார்கள். என்ன மருந்து எடுக்கிறவர் என்று கேட்டார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்டும் எடுக்கிறல்ல. தலையிடிக்குக்கூடக் குளிசை குடிக்க மாட்டா. அவக்கு நோய் வருத்தமே இல்ல."

உறுதியாகச் சொன்னேன். என் மனைவியைப் பற்றி என்னை விட யாருக்குத் தெரியும். அவர்கள் அந்த விடையை நம்பி அதன்படி நடந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நல்ல காலம், அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அந்நேரம் உள்ளே வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். கழுத்தின் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். கையை உயர்த்திக் கன்றல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, ஊராக்கள் உங்கட முகத்தில கண்ட அதே ஒளி இவவுக்கும் இருக்குதே."

டொக்டர் குனிந்து, "அம்மா, அந்தப் பச்சைப் போத்தல் குளிசை நீங்களும் குடிச்சனீங்களோ?" என்று கேட்டார். அவள் கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தாள். அதற்குப் பிறகு என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக ஊசி ஏற்றுவதையும், சேலைன் போத்தலைத் தூக்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிறவர் வருகிறவர் ஸலாம் சொன்னார்கள். ஒருவர் முழங்காலையும் விசாரித்தார். அவருக்கு என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. யா அல்லாஹ், என்னிடம் இருக்கிற எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்று நின்றேன். அவளில்லாத அந்தச் சின்ன வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அடுத்த கணத்துக்கு நினைப்பு போகவில்லை.

அஸர் நேரத்தில் உள்ளே விட்டார்கள். அவள் தலையணையில் சாய்ந்து, ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. டொக்டர் கட்டிலின் காலடியில் நின்று, இனி நெடுங்காலம் குளிசையைக் குறைத்துக் குறைத்துத்தான் வர வேண்டும், சுரப்பி மறுபடி வேலை செய்யுமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். எலும்பையும் படம் பிடிக்க வேண்டும் என்றார். பிறகு என்னிடம், "ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். வீட்டில சொல்லேல்லையோ?" என்று கேட்டார்.

அவர் எழுத ஆரம்பித்தார். "இவவுக்கு மூட்டுவலி எப்ப தொடங்கினது?"

கேள்வி என்னிடம்தான் வந்தது, மருந்தைப் பற்றி நான்தானே முந்திக்கொண்டு விடை சொன்னவன். வாயைத் திறந்தேன். என் முழங்கால் வலி தொடங்கிய கிழமை, அன்று வீசிய காற்று, அன்று உண்ட மீன் எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கு வலி இருந்ததே எனக்குத் தெரியாது. டொக்டர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரியும் காத்திருந்தாள்.

"சின்னவன் பொறந்த காலத்துல இருந்து, டொக்டர்" என்றாள் என் மனைவி. "ரெண்டு முழங்காலும்தான். ராவையிலதான் கூடுதல்."

சின்னவன்தான் கட்டாரில் இருப்பவன். அவனுக்கு இப்போது தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது. என் முழங்கால் வலிக்கு அவ்வளவு வயதில்லை. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு வலி இருந்திருக்கிறது. அந்தக் கால்களோடு அவள் தரையில் இருந்து என் காலுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறாள். கஃபாவை நடந்து சுற்றியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. ஹரமில் அழுததைப் போல நிம்மதியாக அழ முடியவில்லை.

டொக்டர் போனதும் நான் கட்டிலோரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல? இவ்வளவு காலமா?"

அவள் தேநீர்க் கோப்பையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"நீங்க உங்கட காலப் பத்திக் கதைச்சி முடிக்கட்டும் எண்டு இரிந்தன்" என்றாள்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டேன், பதில் சொன்னாள், அவ்வளவுதான்.